மங்கலம்பேட்டைக்கு ஒரு போர்வை

சிந்தாமணிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம் பேச்சு நின்றுபோகும். அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்மதியின் தையல் கடையில் அவளுக்கு இரண்டும் ஒன்றாக நடந்தன. யாரும் கவனிக்கவில்லை.

ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் அந்தக் கடையின் ஷட்டரை ஞாயிறு மதியம் பாதிக்கு இறக்கிவிடுவாள் வெண்மதி. ஜாக்கெட் கேட்டு யாராவது வந்து குனிந்து பார்த்தால் நான்கு ஜோடிக் கால்கள்தான் தெரியும். கடைக்காரி வெண்மதி, அவள் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள், பேங்க்கில் வேலை பார்க்கும் கிரிதரின் மனைவி ஜயா, செராமிக் யூனிட்டுக்குப் போகும் சிந்தாமணி. வாரம் முழுக்கச் சேர்ந்த வெட்டுத்துணியை நடுவில் கொட்டிக்கொண்டு நாலு பேரும் துண்டுப் போர்வை தைப்பார்கள்.

வெண்மதி போனில் ஏதோ வெளிநாட்டுப் பெண்களின் வீடியோவைப் பார்த்ததில் தொடங்கியது அது. "ஒட்டுப்போட்ட துணிக்கு இம்மாம் அலங்காரமா? எங்க வூட்டுல எல்லாத் துணியும் இப்படித்தான் இருக்குது, எவன் வீடியோ எடுத்தான்?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள். கேட்டவள்தான் முதல் சதுரத்தையும் வெட்டிக் கொடுத்தாள். வெண்மதியின் மகளுக்குப் பிரசவமானபோது முதல் போர்வை போனது. அதற்குள் அவர்களுக்கென்று ஒரு வழக்கமும் ஏற்பட்டுவிட்டது. விசேஷம் வருகிற வீட்டுக்குத்தான் போர்வை. வாங்கிக்கொள்கிறவள் தன் வீட்டுத் துணியைக் கொடுக்கக் கூடாது, அதில் ஊசியும் வைக்கக் கூடாது. மற்ற மூன்று பேரும் கட்டிப் பழகிய துணியிலிருந்து சதுரம் வெட்டித் தர வேண்டும்.

"நம்ம துணியையே நாம போத்திக்கிட்டா அதுல என்னடி இருக்குது? அதுக்கு மத்தவங்க சூடு வேணும்" என்பாள் கொளஞ்சியம்மாள்.

கொளஞ்சியம்மாளுக்குப் பேரன் காதுகுத்தில் ஒன்று கிடைத்தது. ஜயாவுக்கு மகள் வர்ஷினியின் மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, புது வீட்டுக்குப் போனபோது ஒன்று. வெண்மதிக்கு மகள், மருமகள், மறுபடி மகள் என்று போய்க்கொண்டே இருந்தது. சிந்தாமணிக்கு விசேஷம் என்று ஒன்றும் வரவில்லை. அவளுக்கு வரன் பார்த்துப் பார்த்துத் தள்ளிப்போய், இப்போது பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். தம்பி தமிழ்மணியின் வீட்டில், டிவி ஓடி முடிந்த பிறகு அதே கூடத்தில் பாய் விரிக்கிறவளுக்கு என்ன விசேஷம் வந்துவிடும்?

ஆனால் எல்லாப் போர்வைக்கும் கரை அவளுடையது. மூன்று அடுக்குத் துணியின் ஓரத்தைச் சேர்த்து, சுற்றிலும் பட்டி வைத்து, கையால் எம்மிங் பண்ணுவது அவள் பங்கு. வெண்மதியின் மிஷின் அந்தத் தடிமனில் ஊசியை உடைத்துவிடும். கொளஞ்சியம்மாளுக்குக் கண்ணில் புரை. ஜயா தைத்தாலோ, தையல் பழமலைநாதர் கோயில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒரு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டும் ஒரு இடத்தில் காலியாகவும் நிற்கும். சிந்தாமணிக்கு விளிம்பு என்றால் கை தானாக நேராகும். யூனிட்டில் அவள் வேலையே அதுதான். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை மண் பொம்மையில் இரண்டு பாதியும் ஒட்டிய இடத்தில் ஒரு வரி ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, வரி இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் சூளையில் வெந்த பிறகு பிள்ளையாரின் தும்பிக்கையில் தழும்பு மாதிரி நிற்கும்.

இந்த ஆவணியில்தான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தம்பி பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள், கூடத்தில் இடமில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் அழுத்திச் சொல்லவில்லை. பாலக்கரைப் பக்கம் ஒரு அறை பார்த்தாள். ஒரே அறை, மூலையில் அடுப்பு மேடை, பின்னால் நாலு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு குழாய். கதவுக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், சரி என்று சொல்லிவிட்டாள்.

இதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் சொன்னாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"தனியா ரூம் பாத்திருக்கேன். மாசக் கடைசி ஞாயித்துக்கெழம பால் காய்ச்சுறேன். எல்லாரும் வரணும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது ஒருத்தி, 'அப்போ சிந்தாவுக்கு ஒரு போர்வை போட்டுரலாம்' என்பாள். 'அய்யோ, எனக்கு எதுக்குக்கா' என்று தான் சொல்ல வேண்டும். அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

"ஒண்டியாவா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஒண்டியாத்தான்."

"பயமா இருக்காதா?"

"கூடத்துல பத்து பேருக்கு நடுவுல படுத்தாத்தான் பயமா இருக்குது. எவன் கால் எம்மேல படும்னு."

வெண்மதி சிரித்தாள். ஜயா வெண்மதியைப் பார்த்தாள். வெண்மதி கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள். பிறகு வெண்மதி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானே சொல்லணும்னு இருந்தேன். நம்ம ஜயாக்கா வூட்டுக்காரருக்கு மாத்தல் வந்திருக்குது. அவங்களுக்கு ஒரு போர்வை போட்டுரலாம்" என்றாள்.

சிந்தாமணி நிமிர்ந்தாள். "எந்த ஊருக்கு மாத்தல்?"

ஜயா நூலைப் பல்லால் கடித்தாள். "மங்கலம்பேட்டை."

"எந்த மங்கலம்பேட்டை?"

"எத்தனை மங்கலம்பேட்டை இருக்கு, சிந்தா? இதோ இருக்கே, அதுதான்."

"பஸ்ஸு ஏறி டிக்கெட் வாங்கி மீதிச் சில்லறைய எண்றதுக்குள்ள வந்துருமேக்கா."

"தினமும் போயிட்டு வரணும்ல. அலைச்சல்."

"பேங்க்குல ஏசி வேற போடுவாங்க" என்று சேர்ந்துகொண்டாள் கொளஞ்சியம்மாள். "மனுசன் வெறச்சுப்போயிருவாரு."

அப்போதுதான் சிந்தாமணியின் காது சிவந்தது. அலைச்சலுக்கு ஒரு போர்வை. ஏசிக்கு ஒரு போர்வை. கிரிதர் சார் கவுண்டரில் போர்வையைப் போர்த்திக்கொண்டா உட்காரப்போகிறார்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஜயாவிடம் அவளுக்கு எப்போதும் நாக்கு இரண்டு விரற்கடை உள்ளே போய்விடும். மற்றவர்கள் சிந்தாமணியை வாடி போடி என்பார்கள், அவளும் திருப்பிச் சொல்வாள். ஜயாவிடம் மட்டும் ‘நீங்க, வாங்க’தான். ஜயா அப்படிப் பேசச் சொன்னதில்லை. பேச வேண்டாமென்றும் சொன்னதில்லை.

"உன் சதுரத்தையும் குடுத்துரு" என்றாள் வெண்மதி. "கரையும் நீதான் அடிக்கணும்."

"குடுக்கறேன்" என்றாள் சிந்தாமணி. அதற்குமேல் அன்றைக்கு அவள் வாயிலிருந்து சொல் வரவில்லை.

அவளிடம் நீலச் சுங்குடிப் புடவை ஒன்று இருந்தது. கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, பூனைக் காது மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. இந்த முறை அதிலிருந்து வெட்டலாம் என்று நினைத்திருந்தாள். மறுநாள் அதை எடுத்தாள், மடித்தாள், திரும்ப டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஆட்டோ ஓட்டும் தமிழ்மணியின் கிழிந்த காக்கிச் சட்டை கதவிடுக்கில் சொருகிக் கிடந்தது. முதுகுப் பக்கத்தில் ஒரு சதுரம் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெண்மதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காக்கியாடி?"

"கட்டிப் பழகுன துணிதான? எங்க வூட்டுல அதுதான் இருக்குது."

வெண்மதி என்னவோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் போர்வை கரை அடிக்க வந்தது. யூனிட் விட்டு வந்து, சண்டை போடும் தம்பி பிள்ளைகளைப் பஞ்சாயத்துப் பண்ணி விலக்கிவிட்டு, சிந்தாமணி அதைக் கூடத்தில் விரித்தாள். இதுவரை இப்படி ஒன்று வந்ததில்லை. வெண்மதியின் பிஸ்தா பச்சை, கொளஞ்சியம்மாளின் கத்திரிப்பூக் கண்டாங்கி, ஒவ்வொன்றும் கோணம் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. காக்கியை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நட்டநடுவில் மாம்பழ மஞ்சளில் ஒரு பெரிய சதுரம். அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். ஜயா தன் புதுமனை புகுவிழாவுக்குக் கட்டியிருந்த புடவை.

சிந்தாமணி அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்கிறவள் தன் துணியைப் போடக் கூடாது என்பது யாருக்கு? ஊருக்கு. பேங்க்காரர் பெண்டாட்டிக்கு இல்லை. தன் போர்வையில் தானே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். கேட்பாரில்லை. தனக்கென்று ஒரு அறையை, ஒரு தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்தவளுக்கு அது விசேஷமில்லை. மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறுவது விசேஷம்.

ஊசியைக் கோத்தாள். மஞ்சளுக்கோ பச்சைக்கோ ஒத்துப்போகிற நூல் எடுக்கவில்லை. கையில் வந்த கறுப்பு நூல். பட்டியை இழுத்துப் பிடிக்காமல் அது போன போக்கில் விட்டாள். அரிசி மணி அளவில் விழ வேண்டிய எம்மிங், பெருவிரல் அகலத்துக்கு விழுந்தது. மூலையில் பட்டியைச் சாய்த்து மடிக்க வேண்டும். மடிக்கவில்லை. பிடித்து அமுக்கி, சாக்கு மூட்டையின் வாயைத் தைப்பது போல நாலு போடு போட்டாள். காக்கி மூலைக்கு வந்தபோது நூல் தீர்ந்தது. முடிச்சுக்கூடப் போடாமல் அறுத்தாள். நாத்தனாரின் கையைப் பார்த்த தமிழ்மணியின் மனைவி, "என்ன அண்ணி, யூனிட்டுல சொல்லிக்குடுத்தாங்களா இப்படி?" என்றாள். "இது போதும்" என்றாள் சிந்தாமணி. போர்வையை உள்பக்கம் வெளியே தெரிய மடித்து, துணிப்பையில் திணித்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

கடையில் முகூர்த்த ஜாக்கெட்டுகள் மலை மாதிரி குவிந்திருந்தன. வெண்மதி பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீ தச்சதுல என்னத்தப் பாக்கறது" என்று அதை அலமாரியில் எறிந்தாள். பையைத் திரும்ப வாங்கக் கை நீட்டிய சிந்தாமணி, பரவாயில்லை என்று வந்துவிட்டாள்.

மாசக் கடைசி ஞாயிறு. அறையில் கோலம், விளக்கு, அடுப்பில் புதுப் பாத்திரத்தில் பால். தமிழ்மணி குடும்பத்தோடு விடியற்காலையிலேயே வந்து, அரிசி, உப்பு, மஞ்சளை வைத்துவிட்டு, சவாரி இருக்கிறது என்று போய்விட்டான். மூன்று பேரும் தாம்பாளத்தோடு வந்தார்கள். கொளஞ்சியம்மாள் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது. கள்ளன் வந்தா ஒடைக்க அவனுக்கே மனசு வராது" என்றாள். சிந்தாமணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள் ஜயாவின் கையில் இருந்ததைப் பார்த்தாள். அந்தத் துணிப்பை. அவள் கட்டிய அதே முடிச்சு.

"இந்தா சிந்தா" என்றாள் ஜயா. முகமெல்லாம் சிரிப்பு. "பிரிச்சுப் பாரு. மாத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மனுஷர் இருக்கற இடத்துலயேதான் இருக்கார். எல்லாம் உனக்குத்தான்."

"அன்னிக்கு நீ சொன்ன உடனே எங்களுக்கு வாய் நமநமன்னுச்சு" என்றாள் வெண்மதி. "கொளஞ்சியக்காதான் கண்ணக் காட்டுச்சு, சொல்லாம செய்யலாம்னு. கரைக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல. உன்ன விட்டா யாரு இருக்கா? சதுரம் கேக்காட்டியும் சந்தேகப்படுவ. அதான் அந்தப் பொய்."

"அப்புறமா பிரிக்கறேன்" என்றாள் சிந்தாமணி. பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "பால் பொங்கட்டும். நல்ல நேரத்துல..."

"பிரிக்கறதுக்குத்தான் நல்ல நேரம்" என்று பையை அவள் கையிலிருந்து உருவினாள் வெண்மதி. முடிச்சை அவிழ்த்தாள். ஒரு உதறு உதறிப் பாயின் மேல் விரித்தாள்.

கறுப்பு நூல் போர்வையின் ஓரமெல்லாம் எறும்பு வரிசை மாதிரி ஓடியது. ஒரு பக்கம் பட்டி வாயைப் பிளந்துகொண்டு உள்ளே வைத்த துணி எட்டிப்பார்த்தது.

"அடியே" என்றாள் வெண்மதி. "என்னடி இது?"

கொளஞ்சியம்மாள் புரைவிழுந்த கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "எனக்கே தெரியுதுடி" என்றாள்.

ஜயா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கரையின் மேல் விரலை வைத்தாள். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு, அவசரமில்லாமல் விரல் போயிற்று. தையல் தவறிய இடங்களில் நின்று நின்று போயிற்று. காக்கித் துணி வந்ததும் அங்கேயே தங்கிவிட்டது. முடிச்சில்லாத நூல் முனை அவள் நகத்தில் சிக்கிக்கொண்டது.

"இது எனக்குன்னு நெனச்சுத் தச்சது. இல்லையா சிந்தா?"

அவள் சத்தமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிந்தாமணியாலும் சத்தமாக ஏதாவது சொல்லியிருக்க முடியும்.

"காக்கியும் எனக்காகத்தான் பார்த்து எடுத்தியா?"

சிந்தாமணிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. மன்னிப்புத்தான் வர வேண்டும். வேறொன்று வந்தது.

"சொல்லித் தொலச்சிருக்கலாம்ல! எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எப்படித் தச்சிருப்பேன்!"

"சொல்லிட்டா அது பரிசாடி?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"என் போர்வைக்கு என்னையே கரை அடிக்கச் சொல்றது மட்டும் பரிசா? வாங்கறவ ஊசி வைக்கக் கூடாதுன்னு நீதானக்கா சொன்ன? ரெண்டு வாரம், தூக்கமில்லாம நான் என்ன பாடு பட்டேன்னு தெரியுமா? மங்கலம்பேட்டையாம், ஏசியாம்! எத்தன வருசமா எல்லாத்துக்கும் தச்சுட்டு, ஒரு ரூமு பாத்துட்டு வந்து சொன்னா, ஒருத்தி வாயத் தொறக்கல. வேற எவளுக்கோ..."

அங்கே நிறுத்தினாள். அந்த 'எவளோ' ஜயாதான், எதிரிலேயே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பால்!" என்று கத்தினாள் வெண்மதி.

பாத்திரம் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் பழக்கதோஷத்தில், "பொங்கிருச்சு! கெழக்கப் பாத்துப் பொங்கிருச்சு! நல்லது, நல்லது" என்று கை தட்டினாள். மற்ற இருவரும்கூட ஒரு நொடி முகத்தை மலர்த்தினார்கள், மலர்த்தித்தானே ஆக வேண்டும். நாலு பேரும் ஆளுக்கு ஒரு தம்ளர் பால் குடித்தார்கள். சர்க்கரை போட மறந்துபோயிருந்தது. யாரும் சொல்லவில்லை.

"குடுங்க, பிரிச்சுட்டு ஒழுங்கா தச்சுடறேன்" என்றாள் சிந்தாமணி. "ஒரே நாள்ல முடிச்சுடுவேன்."

"வேணாம்" என்றாள் ஜயா. போர்வையை மடித்துப் பையில் போட்டாள். "வாங்கறவ ஊசி வைக்கக் கூடாது. நீதானே சொன்ன. நான் தைக்கறேன்."

வெண்மதி பதறிவிட்டாள். "ஜயாக்கா, நீங்களா?"

"ஏன், நான்தான். போயிட்டு வரேன் சிந்தா."

போர்வை வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, போய்விட்டது. அன்று சிந்தாமணி தன் சொந்த அறையில், உள்ளே தாழ்ப்பாள் போட்டு, வெறும் பாயில் படுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஜயா கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "விரல்ல ஊசி குத்திக்கிட்டாங்களாம்" என்றாள் வெண்மதி. "வர்ஷினி தைக்கறேன்னு கேட்டாளாம், குடுக்கலையாம்." யூனிட்டில் சிந்தாமணி மூன்று பொம்மைகளின் கழுத்தை உடைத்தாள். சூப்பர்வைசர் திட்டினார். ஜயாவின் வீட்டு வாசல் வரை ஒருநாள் போனாள். என்ன சொல்வதென்று தெரியாமல், பக்கத்துக் கடையில் தேவையில்லாத ஒரு பாக்கெட் ஊதுபத்தி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

ஒரு சாயங்காலம் ஜயாவே அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. பையைக் கொடுத்தாள்.

கறுப்பு நூல் போயிருந்தது. நல்ல மஞ்சள் நூல். ஆனால் தையல்! ஏறி இறங்கி, இங்கே நெருக்கி அங்கே விட்டு, திருவிழாக் கூட்டமேதான். ஒரு மூலை நேராக வந்து, அடுத்த மூலை சுருண்டு நின்றது. இரண்டு இடத்தில் சின்னப் புள்ளியாக ரத்தக் கறை. சிந்தாமணியின் விரல்கள் தானாக அந்தச் சுருக்கத்தை நீவின. ஒரு பிளேடும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

"பிரிச்சேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நான் பேசவே மாட்டேன்" என்றாள் ஜயா.

"பிரிக்க மாட்டேன்."

"உன் கை துடிக்கறது எனக்குத் தெரியுது."

"துடிக்கலக்கா."

ஜயா போர்வையின் ஒரு மூலையை எடுத்துக் காட்டினாள். காக்கி மூலை. அங்கே மட்டும் கறுப்பு நூல் அப்படியே இருந்தது, மூட்டைத் தையல், முடிச்சில்லாத முனை.

"இதை மட்டும் விட்டுட்டேன். இது உன்னோடதாவே இருக்கட்டும்."

அது கோபமா, கேலியா, வேறு எதுவா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. சிந்தாமணி கேட்கவும் இல்லை. "டீ போடட்டுமா?" என்றாள். "இன்னொரு நாள்" என்று ஜயா படியிறங்கினாள். நாலடி போனவள் திரும்பி, "ஞாயித்துக்கெழம வருவேல்ல?" என்றாள்.

"வரேன்."

"வாங்க போங்கன்னு பேசினா நான் வரமாட்டேன்."

"சரிங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் சிந்தாமணி. ஜயா தலையிலடித்துக்கொண்டு போனாள்.

சிந்தாமணி போர்வையைப் பாயில் விரித்தாள். சுருண்ட மூலையைச் சுவர்ப் பக்கம் தள்ளினால் தெரியாது என்று தள்ளிப் பார்த்தாள். ரத்தப் புள்ளி தெரிந்தது. திருப்பினாள். ஏறி இறங்கும் தையல் தெரிந்தது. எந்தப் பக்கம் போட்டாலும் ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. கடைசியில் காக்கி மூலையைக் கால்மாட்டுக்கு விட்டு நீட்டிப் படுத்தாள். கட்டைவிரல் நேராகப் போய் அந்த மூட்டைத் தையலுக்குள் மாட்டிக்கொண்டது. காலை இழுத்தாள். நூலும் கூடவே வந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். பிளேடு பெட்டிக்குள் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தாள். 'சனியனே' என்று யாரையோ திட்டிக்கொண்டு, நூல் முனையை இழுத்துப் பிடித்து, விட்டுப்போன அந்த ஒரு முடிச்சை மட்டும் போட்டாள்.